பெண்கள் பெட்டியின் தடுப்பு

ஜூன் 9, வெள்ளி

கடையில் மிஞ்சிய போன வருட டைரி. புதிது வாங்க மனம் வரவில்லை. கிழமையை அடித்துத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்றவன் டைரி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆரம்பிப்பான்.

எழுதச் சொன்னது ரெஹானா. என் மனைவி சுலோச்சனாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வரும் பெண். ஆன்ட்டி என்ன சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்று தினமும் குறித்து வையுங்கள் அங்கிள் என்றாள். சரக்கு இருப்பு எடுப்பது எனக்குப் புதிதில்லை.

இன்றைய இருப்பு: "அது". காலையில் நான்கு தடவை, மாலையில் இரண்டு. வேறு ஒன்றும் இல்லை.

பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் "அது" என்ற ஒரு சொல்தான் வருகிறது. தண்ணீரும் அது, தலையணையும் அது. பெண் பொற்கொடி புனேயிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறாள். அவளும் அதுதான். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுகிறது.

முதல் மூன்று மாதத்தில் எவ்வளவு மீட்கிறோமோ அதுதான் பெரிய பங்கு என்கிறாள் ரெஹானா.

ஜூன் 12, திங்கள்

ஆன்ட்டி வேலைக்குப் போன காலத்துப் புகைப்படம் வேண்டுமாம். அலுவலகம், கூட வேலை செய்தவர்கள், போன வழி, வண்டி, எதுவானாலும் சரி. பழகியதைக் காட்டினால் சொல் கிளம்பி வருமாம்.

பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். கல்யாணம், பொற்கொடி பிறந்தது, கடை திறப்பு விழா, கடையின் பத்தாவது வருடம், கடையின் இருபத்தைந்தாவது வருடம். கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவள். அந்த முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு படம் கூட இல்லை. கடைப் படங்களில் இருக்கிறாள், ஓரமாக, சந்தனக் கிண்ணத்தோடு. பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கிறது.

படம் எடுத்தவன் சரியில்லை.

ஜூன் 15, வியாழன்

மாடி ஹாலைக் காலி செய்தேன். ஒரு யோசனை. பழைய மீட்டர் கேஜ் மின்சார வண்டியை மாடலாகச் செய்து பார்க்கலாம். 2004-இல் எடுத்துவிட்டார்கள். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே அதில் போய்வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒரு சாம்பிள் செய்து காட்டினால் வாங்க ஆள் இருக்கும். வியாபாரம்தான், வேறு ஒன்றும் இல்லை.

கணக்கு தானாக வந்து பொருந்துகிறது. கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளத்துக்கு அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அடிக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தால் அது அச்சாக மீட்டர் கேஜ். பெட்டி ஒன்று ஓர் அடி நீளத்துக்குக் கொஞ்சம் கூட வரும். நான்கு பெட்டி போதும். நமக்காகவே யாரோ அளந்து வைத்த மாதிரி இருக்கிறது.

"அது": ஐந்து.

ஜூன் 19, திங்கள்

விடாத மழை. பகல் முழுவதும் விளக்கு போட்டுக்கொண்டு ஜன்னல் வெட்டினேன். ஒரு பெட்டிக்கு முப்பத்திரண்டு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூன்று கம்பி. வெட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கை தனியாக வேலை செய்கிறது, நாம் எங்கோ போய்விடுகிறோம். மழை கூரையில் விழுவது சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி போகிற சத்தமாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மதியம் மூன்று மணி. சாப்பிடவில்லை.

குரோம்பேட்டையில் எட்டு மூன்று வண்டி என்னுடையது. பத்தொன்பது வருடம் அதே வண்டி, அதே பெட்டி, அதே மூலை. முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. நடுவில் இரும்புத் தடுப்பு. அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்தபடி நாங்கள் ஆறு பேர். முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டை விரித்து ரம்மி. பாதி வழி சிலர் உட்காருவோம், கிண்டி வந்ததும் எழுந்து, நின்று வந்தவர்களுக்கு இடம் கொடுப்போம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அதை மீறியவன் மறுநாள் அந்தப் பெட்டியில் ஏற மாட்டான்.

சுலோச்சனா எனக்கு முந்தைய வண்டி, ஏழு ஐம்பது. வீட்டிலிருந்து எனக்குக் கால் மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவாள். அவள் இறங்குவது கோட்டை. நான் அதற்கு அடுத்த பீச். ஒரே தண்டவாளத்தில் பத்தொன்பது வருடம் போனோம், சேர்ந்து ஒரு நாள் கூடப் போனதில்லை. அவசியம் வரவில்லை.

ஜூன் 24, சனி

சக்கரம் பொருந்திவிட்டது. "அது": மூன்று. குறைந்துகொண்டே வருகிறது.

ஜூன் 28, புதன்

இன்று தடுப்பு செய்தேன். செய்யும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

எண்பத்தெட்டாக இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டம் தினமும் ஏதோ பாடும். வண்டிச் சத்தத்தில் வார்த்தை புரியாது. தாலாட்டு மாதிரி ஒரே இழுவை. அதில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரியும். மற்றக் குரல்களுக்கு அடியில், தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கல் மாதிரி. நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். சில நாள் அதைக் கேட்டபடியே நின்று சீட்டாட்டத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு நாள் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றேன். எரிச்சலில் கடைச் சாவிக்கொத்தால் தடுப்பைத் தட்டினேன். என் வழக்கப்படி, இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவேன், காலிங் பெல் வைத்த பிறகும். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்கம்மா, இது என்ன கச்சேரி சபாவா" என்று ஒரு சத்தம் போட்டேன். பாட்டு நின்றது. கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

அதோடு விடுவேனா. தடுப்பின் மேல்பகுதி கம்பி வலை. மறுநாள் எங்கள் கடைக் காலண்டர் அட்டையைக் கொண்டுபோய்க் கட்டுக்கம்பியால் வலையில் இறுக்கிக் கட்டிவிட்டேன். "சிகாமணி ஹார்டுவேர்ஸ்" என்ற எழுத்து பெண்கள் பக்கம் பார்த்திருக்கும்படி. சத்தத்துக்கும் தடுப்பு, கடைக்கும் விளம்பரம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இப்படியெல்லாம் யோசித்துத்தான் கடையைத் தூக்கி நிறுத்தினேன்.

மாடலிலும் அந்த அட்டையை வைத்துவிட்டேன். நகத்தளவு. பூதக்கண்ணாடி வைத்துக் கடைப் பெயரை எழுதினேன்.

ஜூலை 2, ஞாயிறு

வண்டி ஓடியது.

மாடி ஹாலைச் சுற்றித் தண்டவாளம். வழியில் மஞ்சள் பலகைகள், குரோம்பேட்டை முதல் பீச் வரை பதினாறு. பெட்டிக்குள் சின்ன விளக்குகள். சாயங்காலம் ஆறரைக்கு ஹால் விளக்கை அணைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் சுவரில் வரிசையாக ஓடிற்று. ஹால் பெரிதாகிக்கொண்டே போன மாதிரி இருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு ஊர் இருப்பது போலவும், அங்கே நமக்காக யாரோ தூங்காமல் விளக்கு வைத்திருப்பது போலவும். நான் இப்படியெல்லாம் எழுதுகிறவன் இல்லை.

சுலோச்சனாவைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் மட்டும் வண்டியோடு போய்க்கொண்டு இருந்தது. ஐந்தாவது சுற்றில் இடது கையை நீட்டினாள். வண்டியை நிறுத்தினேன். முதல் பெட்டியின் கூரையைக் கழற்றி உள்ளே காட்டினேன். பெஞ்சு, பிடிவளையம், விசிறி என்று வரிசையாக விளக்கம் சொன்னேன், சேல்ஸ்மேன் மாதிரி.

அவள் விரலை உள்ளே விட்டு அந்தக் காலண்டர் அட்டையை நகத்தால் சுரண்டினாள். கிழிகிற வரைக்கும் சுரண்டினாள்.

"அது" என்றாள். இத்தனை நாள் சொன்ன அது போல இல்லை. இது கோபமான அது.

ஜூலை 4, செவ்வாய்

வேறு அட்டை செய்து ஒட்டினேன். இன்று அதையும் கிழித்துவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்து மணிக்கணக்கில் எழுதியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு மணிக்கே படுத்துவிட்டாள்.

பெண்கள் பெட்டிக்குள் எதையாவது தப்பாகச் செய்திருக்கிறேனோ என்னவோ. நான் அதற்குள் காலே வைத்ததில்லை. எங்கள் பெட்டியைப் பார்த்து அதையும் அப்படியே செய்தேன். யாரிடமாவது கேட்க வேண்டும்.

ஜூலை 5, புதன்

அவள் போனைத் திறந்து பார்த்தேன். ஜெசி ட்ரெயின். மும்தாஜ் ட்ரெயின். பானு ட்ரெயின். வனஜா ட்ரெயின். மொத்தம் எட்டுப் பேர், எட்டும் ட்ரெயின் என்று முடிகிறது. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் இந்த எட்டுப் பெயரில் ஒன்றை நான் கேட்டதில்லை.

என் பெயரை எப்படிப் போட்டிருக்கிறாள் என்று தேடினேன். "வீடு" என்று போட்டிருக்கிறாள்.

ஜெசி ட்ரெயினுக்குப் போன் செய்தேன். ஜெசிந்தா, பல்லாவரம், ஓய்வு பெற்ற டெலிபோன் ஊழியர். சுலோவுக்கு இப்படி ஆனதே தெரியாது என்று அழுதுவிட்டார். நாளை வரச் சொன்னார்.

ஜூலை 6, வியாழன்

குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரத்துக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். ஆட்டோவில் போயிருக்கலாம், ரயிலில் போனேன். இப்போது அகலப் பாதை. பெட்டி பெரிது, காற்று அதிகம். பத்தொன்பது வருடமாகக் காரிலேயே போய்ப் பழகியவனுக்குப் பிடிவளையத்தைப் பிடித்ததும் தோள்பட்டைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஜெசிந்தா அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இந்த பெஞ்சில் வனஜா பீன்ஸ் நறுக்குவாள், இங்கே பூ கட்டுவோம், இந்தக் கதவோரம் பானுவுக்குக் குறைப்பிரசவம் ஆகப் பார்த்தது, எங்கள் பக்கம் விசிறி ஒரு நாளும் ஓடியதில்லை, அதை மட்டும் நீங்கள் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்றார். பிறகு தடுப்புக்குப் பக்கத்து பெஞ்சைத் தொட்டார்.

"இது சுலோ இடம் சார். தடுப்புல முதுக சாச்சுக்கிட்டுதான் பாடுவா."

அவள் பாட மாட்டாள் என்றேன். வீட்டில் முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை.

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டு என்றால் சினிமாப் பாட்டு இல்லையாம். ஸ்டேஷன் பெயர்களையே சுலோ ஒரு மெட்டில் கோத்து வைத்திருந்தாளாம். குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று வண்டி ஆடுகிற தாளத்துக்கே. எல்லாரும் சேர்ந்து பீச் வரைக்கும் பாடுவார்களாம்.

எந்த வண்டியில் என்று கேட்டேன். பதில் எனக்கு அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன்.

"எட்டு மூணுலதான். நாங்க தாம்பரத்துலேருந்து அதுல வருவோம். அவ ஏழு ஐம்பதை விட்டுட்டு எங்களுக்காக நிப்பா. அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் நிக்கறார்னு ஆறு மாசம் கழிச்சுதான் எங்ககிட்டயே சொன்னா. சீட்டுல ஜெயிச்சா கத்துவீங்களாமே, அத வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கா. இடம் மாறி உக்காருடின்னா கேக்க மாட்டா. இந்த மூலைதான் வேணும்பா."

ஜெசிந்தா காபி கொண்டு வந்தார். அது ஆறிய பிறகு அவரே சொன்னார்.

"ஒரு நாள் யாரோ தகட்டுல தட்டுனாங்க. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. தட்டுனதும் எழுந்துட்டா சார், கதவத் தொறக்கப் போற மாதிரி. உக்காரப் போனவ, அந்த வார்த்தையக் கேட்டுட்டு நின்னுட்டா. கோட்டை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா. மறுநாள் பாத்தா வலையில காலண்டர் அட்டை. கடை பேரு எங்களப் பாத்து இருந்துச்சு. நாங்கதான் படிச்சோம். அவ படிக்கல."

அதற்கு அப்புறம்?

"அப்புறம் ஏழு ஐம்பதுலயே போயிட்டா."

ஜூலை 7, வெள்ளி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 8, சனி

இருக்கிறது.

மறுநாளிலிருந்து அந்தக் குரல் காணாமல் போனது எனக்குத் தெரியும். மற்றவர்கள் எப்போதாவது பாடினார்கள். அடியில் கிடந்த கல் மட்டும் இல்லை. இரண்டு மூன்று வாரம் காதைத் தடுப்பில் வைத்துப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேறு வண்டிக்கு மாறிவிட்டாள் போல, யார் பெற்ற பெண்ணோ என்று நினைத்துக்கொண்டேன். அன்றும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். சரக்கில் பழுது என்றால் வாதாடாமல் மாற்றிக் கொடுப்பேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த முறை.

அட்டையைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். டீ வடிகட்டியை வெட்டி வலை செய்தேன். பெண்கள் பக்கத்து விசிறியைக் கழற்றினேன்.

ஜூலை 11, செவ்வாய்

சுலோச்சனா வலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஜெசிந்தாவைப் பார்த்துவிட்டு வந்தேன், எல்லாம் சொன்னார் என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நோய் வந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். வண்டி சுற்றிக்கொண்டு இருந்தது.

ஜூலை 14, வெள்ளி

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். வண்டியை ஓடவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது படியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் மோட்டார் உறுமல் என்று நினைத்தேன். அது இல்லை. சொல் இல்லாத இழுவை. முப்பத்தைந்து வருடம் கழித்து, என் வீட்டு மாடியில். கால் தானாக நின்றது. எட்டாவது படி.

உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டாள்.

ரெஹானாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிக்காத குறை. பேச்சு அறுந்து போனவர்களுக்குப் பாட்டு சில நேரம் தங்கியிருக்குமாம், மூளையில் அதற்கு வேறு பாதையாம். அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டே சொல் வந்தாலும் வரலாம், உறுதி கிடையாது. ஆன்ட்டியைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், மாட்டிக்கொண்டால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

நான் முன்னால் இருந்தால் அவள் பாட மாட்டாள். அது தெரிந்துபோயிற்று.

ஜூலை 16, ஞாயிறு

ஹாலுக்குக் குறுக்கே பிளைவுட் தடுப்பு போட்டேன். ஆள் வைக்கவில்லை, நானே முடுக்கினேன். எல்லாம் நம் கடைத் திருகாணி. மேலே ஒரு முழம் கம்பி வலை. அவள் நாற்காலியை அதில் முதுகு படும்படி போட்டாயிற்று. இந்தப் பக்கம் எனக்கு ஒரு முக்காலி, வண்டியின் சுவிட்ச்.

ஜூலை 18, செவ்வாய்

இன்றோடு மூன்று மாதம். "அது": இரண்டு. மூன்று நாளாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்து எழுந்துவருகிறேன்.

ஜூலை 20, வியாழன்

இழுவை மட்டும். ஒன்றரைச் சுற்று. போதும்.

ஜூலை 23, ஞாயிறு

சாயங்காலம் ஆறரை. வண்டியை விட்டேன். வலை வழியாக ஜன்னல் வெளிச்சம் இந்தப் பக்கச் சுவரிலும் ஓடிற்று. சாவிக்கொத்தைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இழுவை ஆரம்பித்தது. மூன்றாவதில் அந்த இழுவைக்குள் ஏதோ தடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு வந்தது. பல்லாவரம். முழுசாக, நடுவில் இரண்டு லகரமும் அழுத்தி. திரிசூலம். மீனம்பாக்கம். பழவந்தாங்கல் என்று ஆரோக்கியமானவர்களுக்கே நாக்கு சுற்றும், அவளுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. பரங்கிமலை. கிண்டி. நான் முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிண்டி வந்ததும் எழுந்துவிட்டேன், பழக்கம்.

சைதாப்பேட்டை. அதோடு நின்றது.

வண்டி போய்க்கொண்டு இருந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "அது" என்றாள், மெதுவாக. மறுபடி "அது". எனக்கு அந்தக் குரல் தெரியும், அழுகைக்கு முந்திய குரல்.

எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று ரெஹானா சொன்னது ஞாபகம் இருந்தது. முடியவில்லை. தகடும் கம்பியும் மட்டுமே அறிந்த என் தொண்டையால், அந்த மெட்டிலேயே, "மாம்பலம்" என்று பாடினேன். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவை. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வண்டி இன்னொரு சுற்று வந்தது.

பிறகு பிளைவுட்டில் தட்டு விழுந்தது. அவள் இடது கை மோதிரமாக இருக்க வேண்டும். இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் வைத்திருந்து இன்று திருப்பிக் கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. பதினான்கு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்து, இருமி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"கோடம்பாக்கம்" என்றாள்.

நுங்கம்பாக்கம் நான். சேத்துப்பட்டு அவள். எழும்பூர் நான். பார்க் அவள். தடுப்பு நடுவில் இருந்தது, அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

கோட்டையில் அவள் இறங்கவில்லை. பீச் வரைக்கும் வந்தாள்.